பேச்சைக் கேட்காத கம்ப்யூட்டர்

தென் கொரியாவின் டேகு நகரத்தைத் தாக்க முந்நூறு ட்ரோன்கள் பறந்துகொண்டிருந்தன. அவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் காலையிலிருந்து யார் பேச்சையும் கேட்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம், நாரே?" என்றார் தலைவர் பெக்.

"நாலு நிமிஷம், தலைவரே. பத்து தடவை நிறுத்தச் சொல்லிட்டேன், மதிக்கவே மாட்டேங்குது."

"நீ செஞ்ச கம்ப்யூட்டர்தானே. உன் திமிர் அப்படியே இருக்கு."

திடீரென்று முந்நூறும் ஊருக்கு வெளியே வயலில் இறங்கி உட்கார்ந்தன.

"என்ன செஞ்சே?"

"சத்தியமா நான் ஒண்ணும் செய்யல." நாரே கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று ஐந்து. "அட, இன்னிக்கு காலேஜ் நுழைவுத் தேர்வு. பிள்ளைங்க இங்கிலீஷைக் காதால கேட்டு எழுதுற நேரம். சத்தம் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஒண்ணு நாற்பது வரைக்கும் நாட்டுல எந்த விமானமும் பறக்காது. ஓடி வாங்க, அதுக்குள்ள ஒயரைப் பிடுங்கிடலாம்."

பெக் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். "ஊரையே அழிக்க வந்தது, இதுக்கு மட்டும் ஏன் அடங்குது?"

"அதுவும் கொரியாவுல வளர்ந்ததுதானே, தலைவரே."