கை தூக்கியவர்கள்

"அந்த ஆளுக்காக என் கை மேல எழும்பாது, தலைவரே. வேணும்னா வெட்டி எடுத்துக்கிட்டுப் போய் நீங்களே தூக்கிக் காட்டுங்க" என்றார் ரொசெந்தோ.

தலைநகர் கித்தோவில் மழை பிடித்துக்கொண்ட மதியம். நாடாளுமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த கட்சி அலுவலகத்தில் உறுப்பினர்கள் ஈரக் கோட்டுகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதிபரின் பொருளாதார மசோதா அன்று மாலை வாக்கெடுப்புக்கு வருகிறது. நஷ்டத்தில் ஓடும் அரசாங்கச் சர்க்கரை ஆலைகளை விற்பது, வெளிநாட்டுச் சரக்குக்குத் துறைமுகத்தைத் திறந்துவிடுவது, இஷ்டத்துக்கு நோட்டு அடிப்பதை நிறுத்துவது. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக நாடே அடித்துக்கொண்டது.

கட்சித் தலைவர் எவாரிஸ்தோ அல்புஹா ஆறிப்போன உருளைக்கிழங்கு சூப்பை நிதானமாகக் குடித்து முடித்தார்.

ரொசெந்தோ விடவில்லை. தேர்தலின்போது அதிபர் மேடைக்கு மேடை நெஞ்சில் கை வைத்துச் சொன்னதையெல்லாம் அவரைப் போலவே குரலை இழுத்துப் பேசிக் காட்டினார். ஓர் ஆலையைக்கூட விற்க மாட்டேன் என்றாரே, ஒரு தொழிலாளி வயிற்றிலும் அடிக்க மாட்டேன் என்றாரே. ஜனங்கள் நம்பித்தானே ஓட்டுப் போட்டார்கள்? பதவியேற்ற மாலை வாடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

"சொன்னது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. நம்ம எல்லாரையும் ஏமாளியாக்கிட்டான். அதுக்கு நாமளே கை தூக்கணுமா?"

பலர் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த சொய்லா எழுந்தாள். அவள் ஊரே ஆலையை நம்பி இருக்கும் ஊர். அவளுடைய தம்பி கொதிகலனில் வேலை பார்க்கிறான். ஆலை கைமாறினால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் அவனாகத்தான் இருப்பான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

எவாரிஸ்தோ அவளைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். வேலை இழப்பவர்களுக்கு ஆலையில் பங்கு தரவேண்டும் என்று மசோதாவில் ஒரு பகுதி இருக்கிறது, அதை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றார். "உன் தம்பிக்குக் கஷ்டமே வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன், சொய்லா. ஆனா அவனைத் தெருவுல விட மாட்டேன்."

ரொசெந்தோ நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது.

"மசோதா தோத்தா இந்த ஆட்சி நாளைக்கே கவிழும். மறு தேர்தல் வரும். அடுத்த அதிபர் நீங்கதான். இப்படி ஒரு நேரம் உங்களுக்குத் திரும்ப வராது, தலைவரே."

அந்தப் பதவிக்காக எவாரிஸ்தோ எத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவரும் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்.

"இல்ல, அந்த ஆளு நிதி மந்திரி பதவி தர்றேன்னு உங்களை மடக்கிட்டானா?" யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"தர்றேன்னார். வேண்டாம்னுட்டேன்."

பிறகு அவர் காலையில் ரொட்டிக் கடையில் நடந்ததைச் சொன்னார். மனைவி மெர்செதெஸ் வெறும் பையோடு திரும்பி வந்திருக்கிறாள். கடைக்காரர் விலைப் பலகையைத் துடைத்து வைத்துவிட்டாராம். எழுதினால் அழித்து அழித்துக் கை வலிக்கிறது, கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். வரிசையில் நின்ற பாதிப் பேர் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமலே போனார்களாம்.

"தேர்தல் வரட்டும், நான் அதிபர் ஆகறேன். அதுவரைக்கும் அந்த வரிசையில நிக்கிறவங்களுக்கு யார் சோறு போடறது? ரொசெந்தோ, இந்த மசோதாவுல தப்பு எங்க இருக்குன்னு காட்டு. முதல் ஆளா நானே எதிர்க்கிறேன்."

ரொசெந்தோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "மசோதாவுல தப்பு இல்ல, தலைவரே. அந்த ஆளைத்தான் பிடிக்கல."

"எனக்கு மட்டும் பிடிக்குதா? கை தூக்கப்போறது மசோதாவுக்கு. வாங்க, நேரமாச்சு."

வாக்கெடுப்பில் எவாரிஸ்தோவின் கைதான் முதலில் உயர்ந்தது. அடுத்து சொய்லா. பின்னால் வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. கடைசியாக, முகத்தைத் திருப்பிக்கொண்டே, ரொசெந்தோவும் தூக்கினார். எதிர்வரிசைகளில் மேசையைத் தட்டினார்கள், 'துரோகி' என்று கத்தினார்கள், காகிதங்களைக் கிழித்து வீசினார்கள். எவாரிஸ்தோ தூக்கிய கையை இறக்காமல் நேராக நின்றார். மணமேடையில் மகளைப் பார்க்கும் தகப்பனின் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

மசோதா நிறைவேறியது.

வெளியே தாழ்வாரத்தில் அதிபர் தனியாகக் காத்திருந்தார். எவாரிஸ்தோவைக் கண்டதும் வேகமாக வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நன்றி, டாக்டர் அல்புஹா. என் கட்சியில ஒருத்தர்கூடக் கை தூக்கல. கத்தினதும் கிழிச்சதும் அத்தனை பேரும் என் ஆட்கள். உங்க கட்சி இல்லேன்னா இன்னிக்கு நான் வீட்டுக்குப் போயிருப்பேன்." அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தேர்தல்ல நீங்க இதே திட்டத்தைச் சொன்னப்போ, நாட்டை விற்க வந்தவர்னு ஊர் ஊரா உங்களை ஏசித்தான் நான் ஜெயிச்சேன்."

எவாரிஸ்தோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பதவி மட்டும்தான் உங்களுக்குக் கிடைச்சுது, அதிபரே. இனிமே நடக்கப்போறது என் ஆட்சிதானே?"