ஒயினுக்குத் தொட்டுக்க

பூபதி அழைப்பு மணியை அழுத்தினான். தோளில் பை. பைக்குள் பிளம் வாசனை ஒயின், டிபன் கேரியர். கழுத்தில் ஒயின் கம்பெனி அடையாள அட்டை. அச்சடித்தவன் அவனேதான்.

ஒயினில் பிளம்மோடு தூக்க மாத்திரையும் கரைந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்தவன். சேலம் போலீஸில் அவன் முகம் தெரியாதவர்கள் குறைவு. மூன்றாம் முறை சிக்கினால் அம்மாபேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாக மனைவி சித்ரா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஃபேர்லேண்ட்ஸில் பெரிய வீடு அது. வாசலில் ‘சின்னுசாமி – குப்பாயி’ என்று பித்தளைப் பலகை. கதவைத் திறந்த ஆளுக்கு அந்தப் பெயருக்கான வயதில்லை.

“சின்னுசாமி ஐயாங்களா?”

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வந்தது. “ஆமா. என்ன வேணும்?”

“புது ஒயினுங்க. ருசி பாக்க இலவசம். தொட்டுக்கவும் கொண்டாந்திருக்கேனுங்க.”

இலவசம் என்றதும் உள்ளேயிருந்து மனைவியும் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவனைத் தண்ணீர் வேண்டுமா என்று இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்திமிர் என்று பூபதி மனதுக்குள் கறுவினான். இதுகளிடம் திருடினால் பாவமே இல்லை.

தட்டு கேட்டான். அவள் சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிவிட்டு, கடைசியில் சோபா ஓரம் இருந்த பையிலிருந்து வெள்ளித்தட்டும் வெள்ளி டம்ளரும் எடுத்தாள்.

“ஊருக்குக் கிளம்பிட்டிருந்தோம்” என்றான் அந்த ஆள்.

பூபதிக்கு வாயெல்லாம் பல்.

“மொதல்ல தட்டுவடை செட்டுங்க. பச்சைச் சட்னி காரத்துக்கு பிளம் இனிப்பு அவ்வளவு பொருத்தம். அடுத்தது பள்ளிபாளையம் சிக்கன். மிளகா நாக்கைச் சுடறப்ப ஒரு வாய் ஒயின் உள்ள போகோணும்.”

“நீ குடிக்கல?”

“ஊத்திக் குடுக்கறவன் குடிக்கக் கூடாதுங்க. கம்பெனி ரூல்ஸ்.”

சிக்கன் பாதி தீர்வதற்குள் இருவரும் சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். பூபதி பாட்டிலைத் தன் பையில் ஒளித்தான். தட்டு டம்ளரைக் கழுவித் துடைத்து, சோபா ஓரம் இருந்த பையைத் திறந்தான். உள்ளே வளையல், ஆரம், ஒட்டியாணம். பீரோவை உடைக்கிற வேலைகூட இல்லை. தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், காரிலிருந்து இறங்கிய வயதான தம்பதி சாவியோடு நின்றார்கள்.

பெரியவர் சோபாவைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

“நாந்தான் சின்னுசாமி. எங்க ஊட்டுல நீங்கெல்லாம் யாருங்க?”

தனக்கு முன்பே வந்துவிட்ட திருடர்களுக்குத்தான் இவ்வளவு நேரம் பரிமாறியிருக்கிறோம் என்பது பூபதிக்கு அப்போதுதான் உறைத்தது. சித்ராவின் முகம் கண்ணில் வந்தது. பையைக் கீழே வைத்தான்.

“இவங்க ரெண்டு பேரும் திருடங்கய்யா. நான் ஒயின் விக்க வந்தப்பவே சந்தேகம். ஊத்திக் குடுத்துத் தூங்க வெச்சுட்டேன். பையைச் சரி பாத்துக்குங்க. நான் வாரேனுங்க.”

பெரியவர் கண்கலங்கிக் கும்பிட்டார். உடனே போலீஸுக்குப் போன் போட்டார். பூபதி அவசரமாகச் செருப்பை மாட்டினான்.

குப்பாயி கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எங்க சொத்தைக் காப்பாத்துன சாமியத் தண்ணிகூடக் குடுக்காம அனுப்புவனா? உக்காருங்க, இன்ஸ்பெக்டரும் வரட்டும், ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே இலை போடறேன்.”