பதினொன்றாம் எண்

“பேரே இல்லாத ரிஜிஸ்தரை இன்னிக்குத்தாம்மா பார்க்கிறேன்!”

பள்ளிக்கூடங்களின் டெபுடி இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ரிஜிஸ்தரில் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை வெறும் எண்கள். சரி, மாணவிகளையாவது பார்க்கலாம் என்றால் கூடத்தின் குறுக்கே கனத்த திரை.

“அதான் மனுவிலேயே எழுதினேனே சார்,” என்றார் பக்கத்து நாற்காலி வக்கீல். “பெண் விடுதலைன்னு மேடையில முழங்க வேண்டியது. இங்க வந்து பார்த்தா திரை! உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது. எல்லாம் கண்துடைப்பு.”

ஊரில் ‘மிளகாய் டீச்சர்’ என்று பேர் வாங்கியவளுக்குச் சுருக்கென்றது.

“ஆள் இருக்கா இல்லையான்னு கேள்வி கேட்டுப் பாருங்க. திரையை மட்டும் தொடாதீங்க.”

“கவர்ன்மென்டோட புதுச் சட்டம்மா. ஒவ்வொரு மாணவியையும் நேர்ல பார்த்துப் பேர் எழுதணும். இல்லேன்னா பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு.”

“துரை மேஜையில உட்கார்ந்து சட்டம் போட்டுட்டார். வீடு வீடாப் பின்வாசல்ல நின்னு இவங்களைச் சேர்த்தது நான். பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

டெபுடி நல்ல மனுஷர். “போகட்டும், யாராவது ஒருத்தர் வாசிக்கட்டும்,” என்று பாடப் புத்தகத்தை எடுத்தார்.

“அது வேண்டாம் சார்!” வக்கீல் குறுக்கே பாய்ந்தார். “கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சுடுவாங்க. என் மனுவைக் கொடுங்க. என் கைப்பட எழுதினது, இங்க யாரும் பார்த்ததில்லை.”

மனு திரைக்கு அடியில் உள்ளே போனது.

“பதினொண்ணு, நீ வாசிம்மா,” என்றாள் டீச்சர்.

திரைக்குப் பின்னால் காகிதம் மட்டும் சரசரத்தது. வக்கீல் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

பிறகு கணீரென்று ஒரு குரல் எழுந்தது.

“‘கௌரவமான வீட்டுப் பெண் ஒருத்திகூட இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பெண்கள் படித்தால் வீட்டில் அடங்கி இருக்க மாட்டார்கள். ஆகவே இதை உடனே மூடிவிடும்படி...’”

கடைசி வரி வரைக்கும் ஓரிடத்திலும் தடங்கல் இல்லை.

“பேஷ்!” என்றார் டெபுடி.

“மோசடி சார்!” வக்கீல் எழுந்தே விட்டார். “வெளியூர்லேர்ந்து யாரையோ கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ப் பொம்பளைக்கு இந்தத் தொண்டை ஏது? திரையை விலக்கச் சொல்லுங்க!”

டெபுடி தர்மசங்கடமாக டீச்சரைப் பார்த்தார். “இப்பவாவது சொல்லுங்கம்மா. யார் அது?”

“பதினொண்ணு.”

“பேரைக் கேட்டேன்.”

“நானும் அதைத்தான் சொன்னேன். பதினொண்ணு.”

பெருமூச்சு விட்டு, மூடும் உத்தரவை எழுத அவர் பேனாவை மையில் தோய்த்தார்.

“தாராளமா எழுதுங்க,” என்றாள் டீச்சர். மூன்று வருஷப் பாடு கண்ணெதிரே போகிறது. ஆனாலும் தலை குனியவில்லை. “பூட்டும் போட்டுட்டுப் போங்க. நாளைக்கே வேற இடம் பார்த்து வேற திரை கட்டுவேன். கழுத்தை அறுத்தாலும் ஒரு பேர் என் வாயிலேர்ந்து வராது.”

திரை அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ விலக்கினார்கள்.

“வேண்டாம்மா, உள்ள போ! நான் பார்த்துக்கிறேன்!” டீச்சர் பதறி ஓடினாள்.

வந்தவள் நிற்கவில்லை. நேராக மேஜைக்கு வந்து மனுவை டெபுடியின் முன்னால் வைத்தாள்.

“ரிஜிஸ்தர்ல எழுதிக்கோங்க சார். பதினொண்ணு, இந்த வக்கீலோட சம்சாரம்.”

வக்கீல் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாறு வருஷமாக அவர் எதிரில் அவள் வாயைத் திறந்தது ‘சரிங்க’ என்று சொல்ல மட்டும்தான். குரலை அவர் எப்படி அடையாளம் கண்டிருப்பார்?