மூன்றாவது மொட்டை

சண்முகவள்ளி கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் குமரகுரு செல்போனைச் சாக்லேட் டப்பாக்களுக்கு அடியில் ஒளித்து வைத்தான். எதிர்வீட்டு அக்கா. கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்து விட்டிருந்தாள்.

திட்டத்தான் வருகிறாள் என்று தெரிந்துபோயிற்று. திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். செய்த காரியம் அப்படி.

கொடைக்கானலில் சாக்லேட் கடை அவனுக்குப் பிழைப்பு, எழுத்து பொழுதுபோக்கு. சீசன் இல்லாத நாளில் ஈ ஓட்டுகிற நேரமெல்லாம் ‘குளிருக்கு இதமாக’ என்ற அவனுடைய வலைப்பூவுக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை ஆனால் இணையத்தில் கண்டெடுத்ததை எல்லாம் பரப்பி வைப்பான். கோழிக்கு ஸ்வெட்டர் பின்னும் பாட்டி, குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டும் குரங்கு, கூடவே தெருவில் கண்டது கேட்டது. வாசிக்கிறவர்கள் ஐம்பது பேர் தேறுவார்கள். அதில் பாதி அவன் மனைவி புவனாவின் சொந்தக்காரர்கள்.

மொட்டைப் பதிவு வந்ததும் கதை மாறிவிட்டது.

‘எங்கள் தெரு அக்கா ஒருவர் தலையில் முடி முளைக்க விடுவதே இல்லை. பழனிக்கு வேண்டுதலாம். தைப்பூசத்துக்குள் இது மூன்றாவது மொட்டை! பழனிக்குப் போக மதுரை பஸ்ஸில் ஏறும் ஒரே பக்தையும் இவர்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்க்குக்காக முருகனுக்குத் தவணை கட்டுகிறார் போலிருக்கிறது.’

பேர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. பதிவு ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவாகத் தாவி, ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான பேர் படித்துச் சிரித்துவிட்டார்கள்.

புவனா நேற்றுத்தான் படித்தாள். “பழனி மலையடியில பொறந்துட்டு, மொட்டையப் பாத்துச் சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? எழுதுறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா?” என்று கேட்டவள், அதன்பிறகு பேசவில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. அப்போதே நீக்கியிருக்கலாம். ஆனால் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்று விட்டுவைத்தான். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது.

“வாங்கக்கா. டீ சொல்லட்டுமா?”

“டீ வேணாம். அந்த மொட்டை சமாச்சாரம் எழுதுனது நீங்கதானே தம்பி?”

இல்லை என்று சொல்ல நினைத்தான். வாய் வரவில்லை. “சும்மா தமாசுக்குக்கா. பேருகூடப் போடல.”

“பேரு எதுக்கு? அரிசி வாங்கப் போனா, ‘முருகன் பாஸ் போட்டுட்டாரா’ன்னு கடைக்காரர் கேக்குறாரு.”

குமரகுரு தரையைப் பார்த்தான். “தப்புத்தான்க்கா. வேண்டுதலுங்கிறது அவங்கவங்க நம்பிக்கை. அதைப் போயி நான்...”

“வேண்டுதல் இல்ல தம்பி.”

சண்முகவள்ளி குல்லாவைக் கழற்றினாள். “நான் முடி எடுக்கல. அதுவா கொட்டிருச்சு. மதுரை ஆஸ்பத்திரியில மூணு தடவ மருந்து ஏத்தியிருக்காங்க.”

அப்போதுதான் அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். புருவம் இரண்டும் மையால் வரைந்தவை. மதுரை பஸ் என்று எழுதியதே அவன்தான். எழுதத் தெரிந்தவனுக்கு யோசிக்கத் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டப்பாக்கள் சரிய, அடியிலிருந்த போனை இழுத்தான். “இந்தா, இப்பவே அழிச்சிர்றேன்க்கா. மன்னிப்புக் கேட்டும் எழுதிர்றேன். உங்களுக்கு இப்படின்னு சொல்லிட்டா ஒரு பய சிரிக்க மாட்டான்.”

‘நிச்சயமாக நீக்கவா?’ என்று போன் கேட்டது. ‘ஆம்’ என்பதை அழுத்தப் போனான்.

சண்முகவள்ளி போனின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

“எம் மக தாரணி ஒட்டன்சத்திரத்துல ஹாஸ்டல்ல இருக்கால்ல? பொங்கல் லீவுல வந்து என் தலையப் பாத்ததுலருந்து அவளுக்குச் சந்தேகம். வேண்டுதல்னு எத்தனையோ தடவ சொன்னேன், நம்பல. ‘உனக்கு என்னமோ இருக்கும்மா, மறைக்கிற’ன்னு போன் போட்டு ஒரே அழுகை. புத்தகத்தையே தொடலன்னு வார்டனம்மா சொன்னாங்க.”

“பரீட்சை வருதேக்கா.”

“அதான் எனக்குப் பயம். சீக்கை விட அதுதான் பயம். அப்பத்தான் கூடப் படிக்கிற பிள்ளைங்க நீங்க எழுதுனதக் காட்டியிருக்காங்க. படிச்சுட்டு உடனே போன் போட்டா. ‘எம்மா, எனக்கு மார்க் வேணும்னுதான் இத்தனை மொட்டை போட்டியா? நான் படிக்கிறேன், நீ முடிய வளரு’ன்னு அப்படிச் சிரிச்சா. பொங்கலுக்கு அப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் கேட்டேன். அம்மா சொல்லி நம்பாதவ, ஊரு சிரிக்கவும் நம்பிட்டா.”

குமரகுருவால் நிமிர முடியவில்லை. “அதுக்காக இதை எப்படிக்கா விட்டுவைக்கிறது? ஊரே உங்களப் பாத்துச் சிரிக்குமே.”

“சிரிச்சுட்டுப் போகட்டும்.” சண்முகவள்ளி குல்லாவை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கடைசிப் படியில் நின்று திரும்பினாள்.

“வர்ற திங்கக்கிழமை மறுபடி மதுரை போறேன் தம்பி. நாலாவது மொட்டைன்னு இன்னொண்ணு எழுதுங்க, எம் மக நல்லா சிரிக்கிற மாதிரி.”