இரண்டு பேட்டரி கார்

"டேய் பாண்டித்துரை! அர்பாப் வண்டியில குடித்தனமே நடத்துறியாடா?"

காரேஜ் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார் சமையல்காரர் உடையப்பன்.

உள்ளே அர்பாப் என்று அவர்கள் கூப்பிடும் கத்தார் முதலாளியின் கறுப்பு சொகுசு கார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பாண்டித்துரை சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு போனில் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

"அகிலா, அப்புறம் கூப்பிடுறேன்."

அகிலா அவனுக்கு நிச்சயமான பெண். தை பிறந்ததும் கல்யாணம். ரெண்டு மாச லீவுக்கு அர்பாப் தலையாட்டியிருந்தார், ஒரு நிபந்தனையோடு.

தோஹாவில் குளிர்காலம் வந்துவிட்டால் அர்பாப் குடும்பத்தோடு பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் குடியேறிவிடுவார். மணலில் ஓடும் பெரிய வண்டி அவரோடு போய்விடும். இந்தக் கார் மட்டும் காரேஜில் தூங்கும். இதற்கு இரண்டு பேட்டரி. ஒன்று என்ஜினைக் கிளப்ப. டிக்கியில் இருக்கும் இன்னொன்று மற்ற சொகுசுக்கெல்லாம். சும்மா நின்றாலே இரண்டும் இறங்கிவிடும் என்பதால், கார் கம்பெனியிலேயே வாங்கிய சார்ஜரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"சார்ஜர் எப்பவும் மாட்டியிருக்கணும். வண்டிக்குள்ள யாரும் உட்காரக் கூடாது. நான் வரும்போது ஸ்டார்ட் ஆகலேன்னா லீவு மாஃபி, கிடையவே கிடையாது!"

இத்தனைக்கும் பிறகு இவன் தினம் சாயங்காலம் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் உடையப்பனுக்கு எரியாதா?

"அதான் சார்ஜர் இருக்குல்ல? அது பாட்டுக்கு வேலை செய்யுது. நீ எதுக்குடா எண்ணெயை எரிக்கிற?"

"சும்மாதாண்ணே. ஹீட்டரைப் போட்டுப் பாட்டுக் கேட்டா சொகமா இருக்கு."

"சொகம் கேக்குதோ? சோறு போடுற வீட்டுக்கு உண்மையா இருக்கணும்டா. போன சமையல்காரன் திருட்டுத்தனமா வெளி ஆர்டர் எடுத்து என்ன ஆனான்? அடுத்த பிளைட்டுல ஏத்திட்டாரு!"

"ஆமாண்ணே, அது பெரிய தப்பு" என்று பாண்டித்துரை பவ்வியமாக ஒப்புக்கொண்டான். "காலையில இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சுண்ணே. எங்க வாங்கின மாவு?"

"நஜ்மா கடை மாவு. பேச்சை மாத்தாத!"

மறுநாளும் அதே என்ஜின், அதே பாட்டு, அதே அகிலா. உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. அவர் கேட்ட லீவை இந்த வருஷம் அர்பாப் தரவே இல்லை என்பதும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. கூடாரத்துக்குப் போன் போட்டார். தெரிந்த அரபியையும் தெரியாத இந்தியையும் கலந்து போட்டுக்கொடுத்தார்.

"அர்பாப், டிரைவர் மாஃபி ஜேன், ஆளு சரியில்ல! டெய்லி உங்க வண்டியில பாட்டு, பேச்சு!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செருப்பில் ஒட்டிய மணலோடு வந்து இறங்கினார் அர்பாப். பாண்டித்துரை கையும் களவுமாக அகப்பட்டான். வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"சார்ஜர் இருக்கும்போது என்ஜின் எதுக்கு?"

பாண்டித்துரை உடையப்பனை ஒரு முறை பார்த்தான். அவர் காரேஜ் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆசைதான், அர்பாப். தப்புதான்."

அர்பாப் என்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினார். முதல் தொடுதலிலேயே கார் உறுமியது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே!

"பேட்டரி நல்லா இருக்கு, அதனால லீவு உண்டு. என் சீட்டுல உட்கார்ந்ததுக்கு ரெண்டு மாசம் இல்ல, ஒரு மாசம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

பாண்டித்துரையின் முகம் தொங்கிப்போனது. அகிலா கொடைக்கானல் வரைக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தாள். கல்யாண அலைச்சல் போக அவளுக்கு மிஞ்சப் போவது நாலு நாள்தான்.

அர்பாப்பின் வண்டி கேட்டைத் தாண்டியதும் உடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். சார்ஜர் பாத்துக்குற வேலையை நீ எதுக்குடா பாக்கணும்?"

என்ஜின் ஓடும்போது கழற்றி வைப்பதுபோல் அலமாரித் தட்டில் வைத்திருந்த சார்ஜரைப் பாண்டித்துரை எடுத்து வந்து பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டான். விளக்கு எரியவில்லை. அதைத் திருப்பிக் காட்டினான். காற்றுப் போகும் ஓட்டைகள் முழுக்க வெள்ளையாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. லேசாகப் புளித்த வாடை.

உடையப்பனுக்கு வியர்த்தது. காரேஜில் இருந்த ஒரே பிளக் பாயிண்டிலிருந்து சார்ஜரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்த கிரைண்டரை மாட்டி, பேச்சிலர் ரூம்களுக்கு அவர் அரைத்துக்கொடுக்கும் மாவு அது. அன்றைக்கு ஒரு நாள் கிரைண்டரிலிருந்து சார்ஜர் மேல் வழிந்ததை அவசரமாகத் துடைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார்.

"இது... செத்துப் போச்சாடா?"

"அன்னைக்கே செத்துப் போச்சுண்ணே. அதான் தினம் என்ஜினை ஓட விட்டு ரெண்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்திக்கிட்டிருந்தேன்."

"அர்பாப் கேட்டப்போ சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா!"

"சொன்னா எனக்கு ரெண்டு மாச லீவு. உங்களுக்கு அடுத்த பிளைட்டு" என்று சார்ஜரைப் பழையபடி தட்டில் வைத்தான் பாண்டித்துரை. "இனிமே கிரைண்டரை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சு ஆட்டுங்கண்ணே. இட்லி நல்லாத்தான் இருக்கு."