ஆடாத முக்காலி

"இதுவும் ஆடுது தம்பி. வேற காட்டுங்க."

வெர்லின் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். அந்த அம்மாள் கடைக்குள் நுழைந்ததிலிருந்து இது நாலாவது முக்காலி ஸ்டாண்டு.

மான்டனா மலையடிவாரத்தில் அவன் அப்பா காலத்திலிருந்து நடக்கும் வேட்டைச் சாமான் கடை அது. ஒரு தோட்டாகூட வாங்காமல் பொழுதெல்லாம் வம்பளந்துவிட்டுப் போகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் ஒரு ஸ்டாண்டுக்கு இத்தனை பாடு படுத்தியவர் யாரும் இல்லை. அதுவும் இன்றைக்குப் பார்த்து! மதியத்தோடு கடையைப் பூட்டிவிட்டு மகளின் சாஃப்ட்பால் மேட்சுக்கு வருவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான்.

"அம்மா, இது கார்பன் கால். தூக்கினா இறகு மாதிரி இருக்கும். மலை ஏறுறவங்க எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"நான் மலை ஏறப் போறதில்லையே. ரோட்டோரமா நின்னு பாக்கப் போறேன்."

வெர்லினுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இது கரடி வேட்டைக் காலம். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேட்டையாடுகிற கூட்டத்தைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. வாசலில் நின்ற காரில் நெப்ராஸ்கா நம்பர். அறுபதைத் தாண்டிய இந்த ஐடா அம்மாள் ஐந்நூறு மைலுக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்து, ரோட்டோரம் நின்று கரடியைக் குறிபார்க்கப் போகிறாராம்!

"சரி, துப்பாக்கி வைக்கிற கவ்வி வேணுமில்ல? ஸ்டாண்டுக்கு மேலேயே மாட்டிக்கலாம். துப்பாக்கி அசையாது."

"துப்பாக்கி கிடையாது. பைனாகுலர் மட்டும்தான்."

"அப்போ சுடுறது உங்க வீட்டுக்காரரா?"

"அவர் வரல. இந்த வேலையே வேணாம்னுட்டார். அவருக்கு மனசு வரல தம்பி."

பாவம், அந்த மனுஷனாவது நிம்மதியாக வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தபடி வெர்லின் அடுத்த முக்காலியை விரித்தான். ஐடா அதன் நடுத்தண்டை முழுக்க மேலே இழுத்தார்.

"ஐயோ, அதை இழுக்காதீங்க! தண்டை உயர்த்தினா ஆடத்தான் செய்யும். காலை நீட்டித்தான் உயரம் வைக்கணும்."

"கடைக்குள்ள எல்லாம் நல்லாத்தான் நிக்குது. காத்துல எப்படி நிக்கும்?"

"வெளியே கொண்டுபோய் வைக்கணுமா?" என்று கிண்டலாகக் கேட்டான்.

"வைங்களேன்."

வேறு வழியில்லாமல் வாசலுக்குத் தூக்கிப் போனான். மே மாதத்து மலைக்காற்று சட்டையைப் படபடக்க வைத்தது. ஐடா தன்னுடைய பெரிய பைனாகுலரை ஸ்டாண்டின் தலையில் பொருத்தி, பனி திட்டுத்திட்டாய் வெளுத்திருந்த எதிர்ச் சரிவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? ஆட்டம் ஆரம்பிச்சாச்சு!"

"ஒரு கிராக்கிகிட்ட மாட்டிக்கிட்டேன். பத்தே நிமிஷம்."

"ஆடுது" என்றார் ஐடா, கண்ணை எடுக்காமலே.

"காத்து அடிச்சா மலையே ஆடும் அம்மா!"

இருந்தாலும் உள்ளே போய், பின்கட்டில் தூசி படிந்து கிடந்த பழைய அலுமினிய முக்காலியை இழுத்து வந்தான். கனமாக இருக்கிறது என்று யாருமே சீந்தாத சரக்கு. முழங்கை தடிமனில் கால்கள். கீழே கொக்கியில் ஒரு தோட்டாப் பெட்டியையும் தொங்கவிட்டான். ஐடா பார்த்தார். காட்சி அசையவில்லை.

"இதை எடுத்துக்கறேன்."

அப்பாடா என்று வெர்லின் மூச்சு விடுவதற்குள் அவர் கேட்டார்: "உட்கார்ந்தும் பாக்கலாமா? நாள் முழுக்க?"

"பாக்கலாம். காலைச் சுருக்கிட்டா நாற்காலி உயரத்துக்கு வந்துடும்."

"இவ்வளவு தூரத்துல இருந்து பாத்தா தெரியுமா?"

"தெரியாம என்ன! கறுப்புக் கரடி பச்சைப் புல்லுல நடந்தா கண்ணு தானா அங்க போகும்."

"நடக்கலேன்னா?"

"படுத்திருந்தா கஷ்டம்தான். பொறுமை வேணும். புல்லு வெட்டுற மாதிரி வரிவரியா, இடமிருந்து வலம் மெதுவாத் திருப்பிக்கிட்டே வரணும். ஒரு பாறையையும் விடக் கூடாது."

அவர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பைனாகுலரை இடமிருந்து வலம் திருப்பிப் பழகியும் பார்த்தார். பாதியில் நிறுத்தி, "பனி உருகி ஓடுற பள்ளத்துல பாக்கணுமா, இல்ல மேல பாறை இடுக்குல பாக்கணுமா?" என்றார்.

போன் மறுபடியும் அடித்தது. வெர்லின் அதை எடுக்கவில்லை. அவனுடைய பொறுமை முழுக்கக் கரைந்துவிட்டது.

"கரடி பள்ளத்துல எதுக்குப் போகுது? புல்லு முளைக்கிற இடத்துக்குத்தான் வரும். இன்னைக்கு ஒரு இடம், நாளைக்கு இன்னொரு இடம். உங்களுக்காக ஒரே இடத்துல அசையாம எந்தக் கரடியாவது காத்துக்கிட்டிருக்குமா? கரடி வேட்டைன்னா என்னன்னே தெரியாம எதுக்கம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ஐடா பைனாகுலரிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"கரடி இல்ல தம்பி, என் பையன். போன நவம்பர்ல எல்க் மான் வேட்டைக்குன்னு தனியா அந்தச் சரிவுல ஏறினவன். பனி மூடினதும் தேடினவங்க எல்லாரும் இறங்கிட்டாங்க... இப்பத்தான் உருகுதில்ல?"