எறும்பு ஏணி

மகள் அந்தப் பையனின் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தாள்.

ஓவிய வகுப்பு முடியும் நேரம் பார்த்து அழைத்துப் போக வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் கரப்பான்பூச்சி வந்தால்கூட அடிக்க விடாமல், காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிற ஒன்பது வயதுப் பெண் அவள்.

பையன் அவளைவிட ஒரு சாண் உயரம். திருப்பி அடிக்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு கிடந்தான். விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது.

ஆசிரியை மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். மகள் குனிந்து அவன் காதைக் கடித்தாள்.

அவன் போட்ட அலறலில் மற்ற பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மைக்குப்பி உருண்டு தரையெல்லாம் கறுப்பு.

அம்மா பாய்ந்துபோய் மகளைத் தூக்கி நிறுத்தி, ஓங்கி ஓர் அறை விட்டாள்.

பிறந்ததிலிருந்து மகள் வாங்கிய முதல் அடி. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அம்மாவின் உள்ளங்கை தீயாய் எரிந்தது.

"அவன் என்னோடதத் திருடிட்டான்மா."

மகள் அழவில்லை. மூச்சுதான் இரைத்தது.

அன்றைய பாடம் வண்டு. தாளை மடித்து விரித்து, உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலால் பாதி வண்டை வரைய வேண்டும். மறுபடி மடித்து மேலே கரண்டியால் தேய்த்தால் மறுபக்கமும் பதியும். விரித்தால் இரண்டு சிறகும் அச்சாக ஒன்று. பிறகு சிறகுக்குள்ளே மையால் நிரப்ப வேண்டும். வேறு யாரிடமும் இல்லாத சொந்த டிசைனாக இருக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தாளாம். மகளின் டிசைன் அப்படியே இவன் தாளிலும் இருந்ததாம்.

"இவன் கடைசி வரிசைங்க, இன்னிக்குத்தான் சேர்ந்தான். அங்கேர்ந்து இவ பேப்பர் எப்படித் தெரியும்?" என்றாள் ஆசிரியை.

அம்மாவுக்கு மானமே போயிற்று. மண்டியிட்டு, துப்பட்டா நுனியால் பையனின் மூக்கைத் துடைத்தாள்.

"மன்னிச்சிடு கண்ணா. உனக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு. நான் காப்பியடிக்கல ஆன்ட்டி. அது எறும்பு ஏணி. எங்க அப்பா சொல்லிக் குடுத்தது."

துடைத்த கை நின்றது.

கையெட்டும் தூரத்தில் இரண்டு தாள்களும் கிடந்தன. இரண்டு வண்டுகளின் சிறகிலும் ஏணி ஏணியாய்க் கோடுகள். மூன்று படி. அடுத்த படி இல்லை. அந்த இடத்தில் ஒரு புள்ளி. மறுபடி மூன்று படி.

ஏறுகிற எறும்பு நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து போக வேண்டாமா என்று கேட்டுத்தான் அவள் கணவர் அந்தப் புள்ளியை வைப்பார். கல்யாணமான புதிதில் அவள் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் பேனாவால் அதை வரைந்தார். கூச்சத்தில் நெளிந்தவளிடம், உனக்காகவே கண்டுபிடித்தது என்றார். இன்றைக்கும் போனில் பேச ஆரம்பித்தால் போதும், செய்தித்தாள் ஓரம், மின்கட்டண ரசீது எதிலும் அதை வரையாமல் விடுவதில்லை.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம்.

பையனின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை என்றால் வெளியூரில் வேலை என்று காலையிலேயே கிளம்பிவிடுகிறவர் கணவர். இன்றும் அப்படித்தான் போயிருந்தார். மகளின் ஓவிய வகுப்பு போன வாரம் இந்தக் கட்டடத்துக்கு மாறியதைச் சொன்னபோதும் போனில்தான் இருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

ஆசிரியை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இவங்க அப்பா கூட்டிட்டுப் போக வந்துட்டார். வண்டிய நிறுத்திட்டிருக்கார். நீங்க கிளம்புங்க, நான் எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"வேணாங்க. நானே பேசிக்கறேன்."

அம்மா எழுந்து நின்றாள். மகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டு, கிழிந்த உதட்டைப் பெருவிரலால் ஒற்றினாள். எல்லாம் இடது கையால்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

வலது உள்ளங்கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அவர் மேலே வந்துவிட வேண்டும்.